சென்னைக்குப் போக ஒரு காதுகுத்து

என் கணவர் குவைத்தில் வேலை பார்த்தார். நான் சென்னைக்குப் போகக்கூடாது என்று தஞ்சாவூர் கோர்ட்டில் மனுப் போட்டார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் கடல் தாண்டலாம், நான் கொள்ளிடம் தாண்டக்கூடாது.

நியாயமாகச் சொன்னால், நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பிள்ளையை அழைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதுதான் மனு. நாங்கள் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கு ஏழு வயது. படித்தவர்கள் படிக்காதவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நானும் ஓடினேன். சென்னையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தயாராக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் விடுப்பில் வந்தார். தீர்ப்பு வரும்வரை பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிப்போகக்கூடாது என்று முதலில் ஒரு உத்தரவு வாங்கினார். பிறகு இன்னொரு மனு. பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை, குடவாசல் பக்கத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் குத்த வேண்டும், அனுப்பிவைக்க வேண்டும்.

அது உண்மைதான். காதுகுத்துக்கு அப்பா வேண்டும், அவருக்கு லீவு வேண்டும். மூன்று வயதில் லீவு கிடைக்கவில்லை, ஐந்து வயதில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும் என்பதால் ஏழு வயதை விட்டால் ஒன்பதில்தான். பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்கள் கேலி செய்கிறார்கள் என்று என் மகள் காது மடலில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு போவாள். நகைக்கடையில் ஒரு நிமிஷத்தில் குத்திவிட்டிருக்கலாம். ஏனோ எனக்கு அதற்குத் துணிச்சல் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகிற துணிச்சல் வேறு, குலதெய்வத்தைப் பகைத்துக்கொள்கிற துணிச்சல் வேறு.

நீதிபதி இரண்டு நாள் அனுமதி கொடுத்தார். வியாழன் காலை கூட்டிப்போய் வெள்ளி மாலை என்னிடம் விட வேண்டும். வெளியே வந்ததும் என் வக்கீல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாத்துக்கங்கம்மா. பிள்ளை அங்கயே தங்கிட்டா, அப்புறம் நாம மனு மேல மனுவாப் போட்டுக்கிட்டு இருக்கணும். அதுக்குள்ள உங்க வேலை போயிடும்."

வியாழக்கிழமை ராத்திரி நான் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அழைப்பு இருக்கிறதோ இல்லையோ என்று குடவாசலுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அறுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன.

கோயிலில் என் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். பழத்தட்டு, பட்டுப்பாவாடை, தங்கத்தோடு என்று சீர்வரிசையோடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த முடியும், அதனால் அவருக்கு முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கணவர் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. தங்கை வாழாவெட்டியாக வந்து நிற்கிறாள் என்பது அவருக்கு மானப்பிரச்சினை. நான் வக்கீல் வைத்ததும் என் வாசற்படி மிதிப்பதையும் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அவரைக் கணவர் வீட்டு ஆளாகத்தான் நான் நினைத்தேன்.

நான் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். மகளுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். அண்ணன் பலகையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். பத்தரையிலிருந்து ராகுகாலம், அதற்குள் குத்தியாக வேண்டும். காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்து எடுத்தார்.

அப்போது என் மாமியார் தன் பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்ணிடம் சொன்னார்: "இனிமே பிள்ளை இங்கதான். பள்ளிக்கூடத்துல பேசியாச்சு."

என் கணவரைப் பார்த்தேன். அவர் பத்தரின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அண்ணன் இரண்டு கையாலும் பிள்ளையின் காதைப் பொத்தினார்.

"பத்தரே, கொஞ்சம் இருங்க," என்றார். பிறகு என் கணவரிடம், "மாப்ள, ரெண்டு நாள்னு கோர்ட்ல சொல்லித்தான் பிள்ளையக் கூட்டியாந்தீங்க. சாயங்காலம் அவ அம்மாகூட பஸ் ஏறுவான்னு இந்த இடத்துல சொல்லுங்க. அப்புறம் கைய எடுக்கறேன்."

"நல்ல காரியத்துல என்ன தம்பி பேச்சு இது?" என்றார் மாமியார். அண்ணன் கையை எடுக்கவில்லை. "வேற மாமன் முறை இருக்கவங்க யாராச்சும் வந்து உக்காருங்களேன்," என்று கூட்டத்தைப் பார்த்தார் மாமியார். யாரும் அசையவில்லை. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரே முணுமுணுத்தார்: "கூடப் பொறந்தவன் உக்காந்திருக்கையில வேற மடியா? ஊர் சிரிக்கும்."

ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பூசாரி இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் மாமன் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் இருந்தாள். கோர்ட் உத்தரவுக்கு அசையாத மனுஷனை ஒரு மடி அசைக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

"சாயங்காலம் அனுப்பிடறேன்," என்றார் என் கணவர். சத்தமே இல்லாமல் சொன்னார்.

"சாமிய பாத்துச் சொல்லுங்க."

சொன்னார். அண்ணன் கையை எடுத்தார். பத்தர் குத்தினார்.

சாயங்காலம் நானும் மகளும் அண்ணனும் கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "ஒனக்காக ஒண்ணும் செய்யல. நீ செய்யறது தப்புதான். ஆனா சாமி பேரச் சொல்லி பிள்ளையப் புடிச்சு வச்சுக்கறது அதைவிடத் தப்பு." அவ்வளவுதான். கும்பகோணம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தன் அறைக்கு அழைத்தார். முதல்நாள் ராத்திரி நான் அவளை எதிரே உட்காரவைத்து, "அம்மாகூடன்னு சொல்லுவேல்ல?" என்று கேட்டிருந்தேன். காலையில் வராண்டாவில் அவள் அப்பா ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துக் குனிந்து என்னவோ கேட்டதையும் பார்த்தேன். அது என்னவாக இருக்கும் என்று தெரியாதா எனக்கு?

கதவு சாத்தியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். "காது ஆறிடுச்சா?" என்றார். "வலது காதுல கொஞ்சம் சீழ். எண்ணெய் போடறேன்," என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு வக்கீல் இல்லாமல் பேசிக்கொண்டது அதுதான்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி முதலில் அவரிடம் கேட்டார்: "நீங்க எப்ப கிளம்புறீங்க?"

"அடுத்த வாரம், சார்."

"அப்புறம் குழந்தைய யார் பாத்துப்பாங்க?"

"எங்க அம்மா."

"அப்ப அம்மாகிட்டயே இருக்கட்டும். குழந்தையோட அம்மாகிட்ட." நான் சென்னைக்குக் கூட்டிப்போகலாம், லீவில் அப்பா வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு எழுதச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. ஜெயித்துவிட்டேன் என்று மனசு குதித்தது, மறைப்பானேன்.

எழுந்து கும்பிட்டோம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம். யார்கூட இருக்க ஆசைன்னு உங்க பொண்ணுகிட்ட கேட்டேன். உங்க ரெண்டு பேரையும் சொல்லல. மாமாகூடன்னு சொன்னா. ஏம்மான்னேன். மாமா மட்டும்தான் இதைக் கேக்கறதில்லைன்னு சொன்னா."

மகள் மேசை ஓரத்தில் நின்று பொம்மையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அவளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தோம். அவள் நடுவில் நடந்தாள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். எனக்கும் கேட்க நிறைய இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.