வெள்ளிக்கிழமைக்குப் பிந்திய பொன்னாடை

நன்கொடை கேட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் ஐயாதுரை வாசலில் செருப்பைக் கழற்றி, கால்விரலாலேயே தெருவைப் பார்க்கத் திருப்பி, ஜோடி பிசகாமல் சேர்த்து வைப்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் திரும்பி நின்று தடுமாறக் கூடாது. வீட்டுக்காரருக்கும் சங்கடம்.

ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வுபெற்று மம்சாபுரம் வந்தவரிடம்தான் சமுதாயக் கல்வி நிதியை ஒப்படைத்தார்கள். முன்பு வசூலித்தவர் தின்றுவிட்டதாக ஊர் பேசியது. அது பொய் என்று தெரிவதற்குள் மனிதர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தார். அந்தப் பயத்தில் ஐயாதுரை ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்: ஊர்க் கோயிலின் புரட்டாசிப் பொங்கல் மேடையில், ஊர் பார்க்க, கொடுத்தவர் கையால்தான் படிக்கிற பிள்ளை பொன்னாடையும் பணமும் வாங்க வேண்டும்.

அந்த வருடம் அனுசியாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சிங் சீட் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்ட வேண்டும். பொங்கலோ அடுத்த புதன்கிழமை. அவள் அம்மா கருத்தம்மா, களையெடுப்புக்குப் போகிறவள், வந்து வாசலில் நின்றாள்.

"பணம் ஒங்க பீரோவுலதான இருக்கு அண்ணாச்சி?"

இருக்கிறது என்றார். மேடையில் வாங்குவதுதான் முறை என்றும் சொன்னார்.

"வெள்ளிக்கெழமை போன பொறவு பொன்னாடையப் போத்தி என்ன செய்ய? காலேஜ் கேட்டுல தோரணம் கட்டவா?"

ஐயாதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. "ராசபாளையத்துல பேண்டேஜ் கம்பெனி வச்சிருக்காவள்ல பாண்டிதுரை, பாதி அவிய குடுத்தது. அவியளத் தாண்டி நான் எடுத்து நீட்டிட்டா, பொறவு அவிய மூஞ்சில எப்படித் தாயி முழிக்க?"

கருத்தம்மா தெருவில் இறங்கி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை அவரே கல்லூரிக்குப் போய்த் தவணை கேட்டார். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், முடியாது என்றார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்த அடுத்த பிள்ளை, எண்ணெய் வழியப் பின்னிய சடையோடு, அப்பாவுடன் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை மைக்கில் அனுசியா பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. பாண்டிதுரை பொன்னாடையைக் கையில் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

அனுசியா இப்போது மில் வேனில் வேலைக்குப் போகிறாள். வேனுக்கு நிற்கையில் ஐயாதுரையைப் பார்த்தால், "வாரேன் மாமா" என்பாள். அந்தக் குரலில் ஒரு கோபமாவது இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். தெருவை மாற்றி நடக்க ஆரம்பித்தார்.

தீபாவளி கழித்து, மேடையில் வீணாக நிற்கவைத்ததற்கு வருத்தம் சொல்ல ராஜபாளையம் போனார். பாண்டிதுரை புரியாமல் பார்த்தார்.

"அந்தப் பிள்ள முன்கூட்டியே வாங்கிட்டுப் படிக்கப் போயிட்டான்னுல்லா நெனச்சேன்? அவ அம்மா இங்கதான் மொதல்ல வந்துச்சு. மேடை கீடையெல்லாம் வேண்டாம், அண்ணாச்சிட்ட நான் சொன்னேன்னு சொல்லி இன்னைக்கே வாங்கிக்கன்னு சொல்லித்தான அனுப்புனேன்."

அங்கிருந்து பஸ் ஏறித்தான் கருத்தம்மா அன்றைக்கு ஐயாதுரை வாசலுக்கு வந்திருக்கிறாள். "அவியளத் தாண்டி" என்று அவர் சொன்ன பிறகு, அவரைத் தாண்டி ராஜபாளையம் போய்க் கேட்டதை எப்படிச் சொல்வது என்று கூசி, வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறாள்.