எல்லைக் கயிறு மிதந்த நாள்

எங்கள் கிரிக்கெட் மைதானம் வருடத்தில் பாதி நாள் ஏரி. மீதி நாளில் தண்ணீர் பின்வாங்கி, சேறு இறுகி, நடந்தால் காலுக்கடியில் சிப்பி நொறுங்கும் ஒரு பெரிய வெளி. காலையில் அங்கே போய் நின்றால் தரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தூரத்தில் பூநாரைகள் நிற்பதைப் பார்த்துத்தான் சரி, அங்கே தண்ணீர் இருக்கிறது என்று முடிவு செய்துகொள்வோம். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த புதிதில் அந்த வெளியைப் பார்த்துக்கொண்டே நின்று எத்தனையோ முறை சோற்றைக் குழைய விட்டிருக்கிறேன். இப்போதும் விடுகிறேன். என் கணவர் பழகிவிட்டார்.

அவர்தான் கிளப்பின் செயலாளர். கிளப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை, சில மட்டைகள், டென்னிஸ் பந்துகளைப் போட்டு வைத்திருக்கும் ஒரு பழைய ஐஸ் பெட்டி. பிட்சைச் சமப்படுத்த மணல் நிரப்பிய டிரம் ஒன்று இருக்கிறது. எல்லைக் கோட்டுக்குப் பழைய வலையின் மேல்கயிற்றை அறுத்து எடுத்து, அதிலுள்ள மிதவைகளோடு அப்படியே வட்டமாகப் போட்டுவிடுவார்கள். ஆரஞ்சு நிற மிதவைகள் என்பதால் வெயிலிலும் நன்றாகத் தெரியும்.

ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக வந்து பந்து வீசுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் வந்தவர்களை ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் ஆள் கிடையாது. எதிரணி வந்து இறங்கினால் எங்கள் ஆண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கேட்ச் பழகுவார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு முறை வந்த அணி குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் ஆடி, ஜெயித்து, வாயைத் திறக்காமல் பஸ் ஏறிப் போனது. அன்றைக்கு என் கணவரை நான் பேசிய பேச்சில், இனிமேல் நீயே பார்த்துக்கொள் என்று வரவேற்பு வேலையை என் தலையில் கட்டிவிட்டார். அதிலிருந்து ஆட்ட நாள் என்றால் மோர், துண்டு, நிழல், நாற்காலி, சோறு எல்லாம் நான்தான். ஆட்டத்தின் விதிகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பசித்த முகம் முழுசாகத் தெரியும்.

இந்த வருடம் தீவு அணியைக் கூப்பிடுவது என்று முடிவானது. அந்தத் தீவு நான் பிறந்த ஊர். வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் படகில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் சில வருடங்களாக நான் போகவில்லை, அங்கிருந்து என் அண்ணன் வரவில்லை.

காரணம் பாடு. எங்கள் ஏரியில் இஷ்டத்துக்கு வலை விட முடியாது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் இடங்களுக்கு முறை உண்டு. ஒரு நாள் தீவுக்கு, மறுநாள் எங்களுக்கு, அதற்கடுத்த நாள் வடக்கே இருக்கும் இன்னொரு ஊருக்கு. இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒரு ஊரின் பாடு நாளில் மற்ற ஊர்க்காரன் வலை அங்கே நனையக்கூடாது. ஒரு தடவை தீவின் பாடு நாளில் எங்கள் ஊர் வலை ஒன்று தண்ணீரில் கிடந்தது. வேண்டுமென்று போட்டதா, மறந்து விட்டதா என்று இன்றைக்கும் இங்கே இரண்டு கட்சி உண்டு. அதைத் தூக்கப் போன அண்ணனை எங்கள் ஆட்கள் பிடித்துத் தள்ளினார்கள். அவர் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் கூடியிருந்த இடத்தில் எழுந்து, இனிமேல் இந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஊர்கள் சமாதானமாகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பழையபடி ஆகிவிட்டன. அண்ணன் சொன்ன வார்த்தை மட்டும் அப்படியே நின்றது. நைனா போன பிறகு என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். என் வீட்டுக்கு வராதவரின் வீட்டுக்கு நான் மட்டும் எதற்குப் போக வேண்டும் என்று எனக்கும் ஏறிக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. அண்ணி மட்டும் போன் செய்வாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அவர் இருமுவது கேட்கும். அவள் சொல்வதை விட்டுவிட்டு நான் அந்த இருமலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு அண்ணி கூப்பிட்டாள். “பசங்கள படகுல இட்டுனு வர்றது உங்கண்ணன்தான். ஆனா எறங்க மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாரு,” என்றாள். அவர் வருகிறார். வந்து, என் கண் முன்னால் படகில் உட்கார்ந்திருந்துவிட்டு, என் கையால் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிப் போகப் போகிறார். அது நடக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். அந்த ஆட்டத்தில் எனக்கு வேண்டியிருந்த வெற்றி அது ஒன்றுதான்.

அதனால் சமையல் பந்தலை ரோட்டோரம் மேட்டில் போடாமல், ஏரி விளிம்பில், படகு வந்து நிற்கும் இடத்துக்கு நேராகப் போடச் சொன்னேன். பள்ளமாக இருக்கிறதே என்றார் கணவர். காற்று அங்கேதான் நன்றாக வரும் என்றேன். உண்மையில் பிரியாணி வாசனை அங்கிருந்துதான் படகுக்கு நன்றாகப் போகும். மீன் பிடிக்கிறவனுக்கு மீனைப் போட்டு விருந்து வைக்க முடியாது என்பதால் கோழிப் பிரியாணி.

அன்று விடியற்காலை மேற்கே நிலா இறங்காமல் நின்றது, கிழக்கே வெளுத்துவிட்டது. இரண்டு வெளிச்சமும் சேர்ந்து ஏரி பால் நிறத்தில் கிடந்தது. தீவுப் படகு இன்ஜினை அணைத்துவிட்டுக் கோல் ஊன்றி வந்தது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் அது வருகிறதா, அங்கேயே நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு ஆட்டக்காரர்கள் தொப் தொப்பென்று குதித்தார்கள். எல்லாருக்கும் தோளில் துண்டு போட்டு, கையில் மோர் கொடுத்தேன். எல்லாரும் நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளைகள், இப்போது வளர்ந்து நின்றார்கள். அண்ணன் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகு இளைத்திருந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. அண்ணி போனில் இதையெல்லாம் சொல்லவில்லை.

மோர் கொடுத்தனுப்பினேன். குடித்துவிட்டேன் என்று திருப்பி அனுப்பினார். தண்ணீர் ஓரமாக ஒரு நாற்காலி போடச் சொன்னேன். அது காலியாகவே கிடந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. நடுவர் பழவேற்காடு டவுனில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய். இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள், பயங்கரக் கண்டிப்பு. மைக் செட்டில் யாரோ ஓட்டக் கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. அண்டாவுக்கு மூடி போட்டு, மேலே கங்கு அள்ளி வைத்து, பிரியாணியைத் தம்மில் விட்டேன். புகை நான் நினைத்தபடியே படகுப் பக்கம் போனது. அண்ணன் மூக்கை உறிஞ்சினாரா என்று பார்த்தேன். அவர் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

என் காலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டபோது, மோர் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் தண்ணீர். சத்தமில்லாமல், அவசரமில்லாமல், மெல்லிய தகடாக, சிப்பிகளைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நிலாவைப் பார்த்தே தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லிவிடுகிற ஊர் எங்களுடையது. ஆனால் தேதி குறிக்கும்போது இரண்டு அணியும் பார்த்தது பாடு முறையை மட்டும்தான். வடக்கு ஊரின் பாடு நாளில் நாங்களும் சும்மா, அவர்களும் சும்மா. அந்தக் கணக்கு சரியாக வந்தவுடன் குறித்துவிட்டார்கள். அது பௌர்ணமி என்பதும், முகத்துவாரத்தை அந்த மாதம்தான் தோண்டித் திறந்திருக்கிறார்கள், கடல் ஏறினால் நேராக ஏரிக்குள் வரும் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். பாடு இல்லாத நாளில் தண்ணீரைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் எல்லைக் கயிறு எழுந்தது. மிதவையோடு கட்டிய கயிறு வேறு என்ன செய்யும்? ஏரிப் பக்கத்துக் கயிறு மெதுவாக மிதந்து, வளைந்து, ஆட்டக்காரர்களை நோக்கி வர ஆரம்பித்தது. எல்லை சுருங்கியது. தீவுக்காரர்கள் சும்மா தட்டிவிட்ட பந்துக்கெல்லாம் நான்கு ஓட்டம். எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள். கயிறு எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை என்று பாய் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டார். கணுக்கால் தண்ணீரில் வெள்ளைச் சட்டைகள் ஓடின, கீழே தலைகீழாகவும் ஓடின. பந்து விழுந்த இடத்திலிருந்து வட்டம் வட்டமாக விரிந்தது. எனக்கு அண்டா மறந்துபோனது. ஆட்டம் என்றால் இப்படித்தான் ஆட வேண்டும் என்று நின்றுவிட்டேன்.

அடுப்பு ‘சொய்ங்’ என்றதும் நினைவு வந்தது. ஒரு விறகு அணைந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் இரண்டு ஊருக்கும் வைத்த சோறு ஏரியில் போய்விடும். ஆண்கள் எல்லாரும் மைதானத்தில். எங்கள் படகுகள் எல்லாம் ஊருக்கு அந்தப் பக்கம் கால்வாயில். சுற்றிலும் பார்த்தேன். தண்ணீர் ஏறியதில் தீவுப் படகு சேற்றை விட்டுக் கிளம்பி, என் பந்தல் கம்பத்தை உரசிக்கொண்டு நின்றது.

நான் அவரைக் கேட்கவில்லை. கூட இருந்த பெண்களிடம் தூக்குங்கடி என்றேன். சாக்கைச் சுற்றிப் பிடித்து, மூச்சைப் பிடித்து, அண்டாவைத் தூக்கி அந்தப் படகில் வைத்தோம். அண்ணன் காலை மட்டும் நகர்த்திக்கொண்டார். பிறகு வெங்காயப் பச்சடி வாளி, முட்டைத் தட்டு, பாக்குமட்டைத் தட்டுகள், தண்ணீர் கேன் எல்லாம் ஏறின. எந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்றாரோ, அந்தக் கரையின் விருந்து முழுவதும் அவர் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பாய் ஸ்டம்பைப் பிடுங்கினார். யார் ஜெயித்தார்கள் என்பதில் இன்றுவரை இழுபறி. எல்லாரும் பசியோடு படகைச் சூழ்ந்துகொண்டார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அண்ணன் கரண்டியை எடுத்தார். முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று தட்டை நீட்டினார்கள். தம் ஊர் ஆட்களுக்கும் வைத்தார், தம்மைத் தள்ளிய ஊர் ஆட்களுக்கும் வைத்தார். என் கணவர் தட்டை நீட்டியபோது ஒரு நொடி கரண்டி நின்றது. பிறகு, ஈரல் துண்டாகத் தேடி எடுத்து வைத்தார். சிந்திய சோற்றுக்குக் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து காலைக் கடித்தன. எல்லாரும் தண்ணீரில் நின்றே சாப்பிட்டார்கள். வெயில், தண்ணீர், மெல்லும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

அவர் மட்டும் சாப்பிடவில்லை. நான் தண்ணீரில் நடந்து போய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

“இங்க ஏதுண்ணா கரை? தண்ணி தான கீது. எறங்கி வாயேன்,” என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். “தண்ணிக்குக் கீழ இருக்கறது உங்க கரைதான,” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்தும் இதுதானா என்று விளிம்பிலிருந்து கையை எடுத்தேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எறங்க மாட்டேன்னு தான் சொன்னேன். நீ ஏறக்கூடாதுன்னு எப்பனா சொன்னேனா?”

ஏறினேன். ஈரப் புடவை காலைச் சுற்ற, அவர் இழுக்க, ஒரு வழியாக உள்ளே விழுந்தேன். எதிரே உட்கார வைத்து எனக்கு ஒரு தட்டு, தமக்கு ஒரு தட்டு போட்டார். ஒரு வாய் எடுத்து மென்றுவிட்டு, உப்பு கம்மி என்றார். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாய் விட்டு அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தம் தட்டிலிருந்த கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.