எந்தக் கை

ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் முன் திரை ஒரு கணம் கறுத்துப்போகும். அந்த வீடியோ கேமை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கறுப்பு. அப்போது திரையின் கண்ணாடியில் இரண்டு முகங்கள் தெரியும். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அண்ணன். அவர் கையைத் தூக்கி முகத்து வேர்வையைத் துடைப்பார். அதற்குள் வெளிச்சம் வந்துவிடும், முகங்கள் போய்விடும், இரண்டு பொம்மைகள் எதிரெதிரே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, தென்காசிப் பக்கமிருந்து வந்தவன். யாராவது மலையாளத்தில் ஒன்று கேட்டால் பதில் தொண்டை வரை வந்து நின்றுவிடும். தமிழில் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் ஒரு மணி நேரம் ஓய்வு. மற்றவர்கள் மாடியில் படுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பின் சந்திலிருந்த வீடியோ கேம் கடைக்குப் போய்விடுவேன். அந்தச் சண்டை ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் ஒற்றைக் கோடு. இரண்டு பேர், ஒரே தரை. முன்னால் போகலாம், பின்னால் போகலாம், எதிராளியைத் தாண்டிக் குதிக்கலாம். அவ்வளவுதான். யாரும் முதுகுப் பக்கம் வந்து கூப்பிட முடியாது. அந்தப் பொம்மைகளுக்கு முதுகே கிடையாது. எப்போதும் ஒருவரையொருவர் பார்த்தபடியே நிற்கும். பக்கத்தில் நின்று ஆடும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

அண்ணன் என் கூடப்பிறந்தவர் இல்லை, நாகர்கோவில் பக்கத்துக்காரர். கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர். பெயரை நான் கேட்டதில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. எனக்கு முன்பே வந்து சுவரை ஒட்டி, வலப்பக்கம் நிற்பார். “வந்துட்டியாடே” என்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் தயங்கித் தயங்கி ஆடினால், “நீ அடிக்கியா, இல்ல கும்பிடுதியா?” என்று கேட்பார். நான் சிரிப்பேன். அவர் சிரிப்பதைக் கண்ணாடியில் பார்ப்பேன்.

எங்கள் இருவருக்கும் பிடித்த பொம்மை ஒன்றுதான். வலது மணிக்கட்டில் சிவப்புத் துணி கட்டியவன். ஒரு நாள் அது குதித்து அந்தப் பக்கம் போனபோது அண்ணன் சொன்னார்: “பாத்தியாடே, இங்க வந்தா துணி எடது கைக்குப் போயிருது. ஒரு படத்த வரஞ்சிட்டு, கண்ணாடியில காட்டுன மாரி திருப்பிப் போட்டுட்டானுவ.” அதுவரை எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. வந்தபோது, திரை கறுத்த நேரத்தில், முகம் துடைத்த கையில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. கம்பி வெட்டும் மெஷினில் சுண்டுவிரல் போய்விட்டதாகச் சொன்னார். “நாலு இருக்குல்லா, உன்ன அடிக்க அது போதும்.” கட்டோடு அவர் வந்தது மூன்றே நாள். மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவில், “இரிடே, இப்ப வந்திருதேன்” என்று வெளியே போனார். அவருடைய பொம்மை வலப்பக்கம் ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. ஆள் இல்லாததை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே நேரத்தைக் காட்டும் எண்கள் குறைந்துகொண்டே வந்து பூஜ்யம் ஆயின. என் பொம்மைக்கு உயிர் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால், நான் ஜெயித்ததாக மெஷின் சொன்னது. அவர் வரவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து, அதே நேரத்தில், அதே சாடையில் ஓர் ஆள் கடைக்கு வந்தார். அண்ணனின் தம்பி. கடை முதலாளி, அண்ணனின் சிநேகிதன் என்று என்னைக் காட்டி, “இவனாணு அவன்ற கூட்டு” என்றார். முதலாளி உட்காரும் இடத்திலிருந்து எங்கள் முதுகு மட்டும்தான் தெரியும். அண்ணன் வேலை பார்த்த கட்டடம் முடிந்து, கூட இருந்த ஆட்களும் கலைந்துபோயிருந்தார்கள்.

“தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அண்ணனுக்கு எந்தக் கையில கட்டு?”

வாழ்க்கையில் அபூர்வமாக எனக்குப் பதில் உடனே வந்தது. “இடது கை.”

“நல்லாப் பாத்தீயளா?”

“தெனமும் பாத்தேன்.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு பேசினார். “வெரலு போச்சுன்னு போன்ல சொன்னாவ, எந்தக் கைன்னு சொல்லல. தண்டவாளத்துல ஒரு ஆளு கெடந்தாராம். மொகத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம். வலது கையில சுண்டுவிரல் இல்லன்னு போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாக்க எனக்குக் காலு வரல.” எழுந்து என் கையைப் பிடித்தார். “அது எங்க அண்ணன் இல்ல. மதினிட்ட மொதல்ல சொல்லணும். நேரா பஸ்ஸுக்குப் போறேன்.” போகும்போது சிரித்தார். அண்ணனின் சிரிப்பேதான்.

நான் தனியாக ஆடத் தொடங்கினேன். சிவப்புத் துணிக்காரன் எதிராளியைத் தாண்டி வலப்பக்கம் போய் இறங்கினான். துணி இடது கையில் இருந்தது. கண்ணாடியில காட்டுன மாரி என்று யாரோ என் வலக்காதின் அருகே சொன்னதுபோல் இருந்தது. திரும்பினேன். சுவர்தான் இருந்தது. நகர்ந்து அவர் நிற்கும் இடத்தில் நின்றேன். இடது கை ஸ்டிக்கில், வலது கை பட்டன்களில். யார் நின்றாலும் அப்படித்தான். சுவரோரம் இருந்த வலது கையை அவர் உடம்பு எனக்கு மறைத்திருந்தது. கையிலிருந்த அந்த வெள்ளைக் கட்டை நான் கண்ணாடிக்குள் அல்லாமல் ஒருநாளும் பார்த்ததில்லை.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். நாகர்கோவில் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார், பல நாள் பசி தீருகிறவரைப் போல. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வழியனுப்ப வந்ததாக நினைத்திருப்பார். கையை ஆட்டினார். ஒரு சொல் போதும். அது தொண்டை வரை வந்தது. நானும் கையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

ஸ்டேஷனுக்கும் நான் போகவில்லை. போய் என்ன சொல்வது, யாருடைய பெயரைச் சொல்வது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அண்ணன்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாகர்கோவில் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் அந்த மதினி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கலாம். என் ஒரு சொல்லின் பேரில்.

அந்த ஆட்டம் இப்போது போனிலேயே வருகிறது. அதே சிவப்புத் துணிக்காரன். ஓய்வு நேரத்தில் ஆடுகிறேன். நடுவில் சும்மா வைத்துவிட்டால் பொம்மைகள் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும், பிறகு போன் கறுத்துவிடும். கண்ணாடியில் என் முகம் நரைத்துத் தெரிகிறது. வலப்பக்கம் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. வலது கையைத் தூக்கிப் பார்க்கிறேன். உள்ளே இருப்பவன் இடது கையைத் தூக்குகிறான்.