டாக்டர் குடிக்காத தண்ணி

இன்னைக்குத் திங்கட்கிழமை. தச்சநல்லூர் பல் டாக்டர்கிட்ட முதல் ஆள் நான்தான்.

தண்ணியைப் பீச்சிக்கிட்டே பல்லைக் குடையுற மிஷினை வாய்கிட்ட கொண்டுவந்தார். "ரெண்டு நிமிஷம் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு ஆரம்பிங்க"ன்னேன்.

"டீச்சர், இது தாமிரவருணித் தண்ணி"ன்னார் பெருமையா.

"ஆத்தை நான் குத்தம் சொல்லல. சனிக்கிழமையில இருந்து உங்க மிஷின் குழாய்க்குள்ள கெடக்குற தண்ணியைச் சொல்லுதேன். கிருமி வளர்ந்திருக்கும்."

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை."

அந்தத் தண்ணியையே தம்ளர்ல பிடிக்கச் சொன்னேன். பிடிச்சார்.

"இப்ப நீங்க ஒரு மடக்கு குடிங்க."

தம்ளரையே பார்த்தார். குடிக்கல. ரெண்டு நிமிஷம் தண்ணியைத் திறந்துவிட்டார்.

நேரே பிரவுசிங் சென்டருக்கு வந்து நம்ம மின்னஞ்சல் குழுவுக்கு எழுதுதேன். நீங்களும் தம்ளரை நீட்டிப் பாருங்க. குடிக்கிற டாக்டர் எங்கயாவது இருந்தா சொல்லுங்க, அடுத்த பல்லுக்கு அங்க போறேன்.