மேடைக்கு முதுகு காட்டி நின்றவள்

எங்கள் ஊரில் வெளிநாட்டு நாடகங்களைக் கரைத்துக் குடித்தவள் யார் என்று கேட்டால் என் அக்காவைத்தான் கைகாட்டுவார்கள். அவள் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

ஊருக்கு வெளியே பழங்காலத்து இடிபாடுகள் இருக்கின்றன. பாதியில் நிற்கும் தூண்கள், கூரை இல்லாத சுவர்கள், நடுவே அரைவட்டமாகக் கல்படிகள். வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் தணிந்ததும், அங்கே பல நாட்டுக் கலைவிழா நடக்கும். அக்காவுக்கு அதில் காவல் வேலை. சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் விசில். மேடைக்கும் முதல் படிக்கும் நடுவில் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். திரும்பி மேடையைப் பார்த்தால் அடுத்த வருஷம் வேலை கிடையாது. மேடை எங்கேயும் ஓடிப்போகாது, எவனாவது ஏறிப் படம் எடுத்தால் தூண்தான் போய்விடும் என்பார் மேற்பார்வையாளர். அவர் சொன்னால் சொன்னதுதான். சும்மா ஒரு பார்வை பார்த்த குற்றத்துக்கு இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியவர்.

அதனால் அக்கா முகங்களைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கேட்பதையும் முன்னால் தெரியும் முகங்களையும் சேர்த்து, வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்வாள்.

"இந்த வருஷத்து ராஜா சரியில்ல. அவரு கத்திக் கத்திச் சாகுறாரு, இங்க பாதிப் பேரு குனிஞ்சு செருப்பத் தேடுறாங்க."

அவள் சொல் தப்பியதில்லை. அத்தான் பஸ் மெக்கானிக். அவரும் இஞ்சினைத் திறக்காமல் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவர்தான். ஜாடிக்கேற்ற மூடி.

அக்காவை நாங்கள் கொக்கு என்போம். சின்ன வயதில் சுவரிலிருந்து விழுந்து இடது கணுக்கால் உடைந்தது. நடக்கும்போது ஒன்றும் தெரியாது, நின்றால்தான் வலி. கொஞ்ச நேரம் நின்றாலே இடது காலை ஷூவிலிருந்து உருவி வலது பாதத்தின் மேல் வைத்துக்கொள்வாள். ஏறிப்போகும் கோட்டைப் பின்பக்கம் இழுத்து விட்டுக்கொள்வாள். சில வருஷங்களாக நானும் அங்கே வாசலில் சீட்டுக் கிழிக்கிறேன். வேலைக்குப் போகும்போது அவள் முன்னால் விடுவிடுவென்று நடப்பாள், நான் பின்னால் மூச்சு வாங்க ஓடுவேன். அவள் முகத்தைவிட அந்த முதுகுதான் எனக்கு மனப்பாடம்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு விஷயம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு அங்கே வேலை கிடைப்பதற்கு முன்னால், பேசாமல் நடிக்கும் ஒருவர் வந்தார். தனி ஆள். பாட்டில்லை, பேச்சில்லை. சில நாட்கள் நடத்தினார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது, போனது. கடைசி நாள் மட்டும், முடியப்போகும் நேரத்தில், முந்தைய நாட்களில் இல்லாத ஏதோ ஒன்று நடந்தது. முதலில் சிரித்தவர்கள் திடீரென்று அடங்கினார்கள். பிறகு படி படியாக அழ ஆரம்பித்தார்கள். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் சிலர் இறங்கி வந்து, முன்பின் தெரியாத அக்காவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள்.

அவர் என்ன செய்தார்? அக்காவுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. விளக்குப் போடுகிறவரைக் கேட்டாள். நான் சுவிட்சைப் பார்ப்பேனா மேடையைப் பார்ப்பேனா என்றார். வெளியூர்க்காரர்களைக் கேட்டாள். பாஷை புரியவில்லை. நம் பாஷை பேசிய ஒரு கனவான், சொன்னால் உனக்குப் புரியாதம்மா என்று சிரித்துவிட்டுப் போனார். இப்படிச் சொல்பவர்களுக்குப் பாதி நேரம் தங்களுக்கே புரிந்திருக்காது என்பது என் கட்சி.

சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அக்கா அதையே பேசினாள். விழுந்திருப்பானோ? எதையாவது உடைத்திருப்பானோ? அப்படியென்றால் என் கையை ஏன் பிடித்தார்கள்? எங்களுக்கு அலுத்துப்போயிற்று. அவளுக்கு அலுக்கவே இல்லை.

இந்த வருஷம் அந்த மனிதர் மறுபடி வந்தார், அதே ஆட்டத்தோடு. வயதாகிவிட்டதாம், ஒரே ஒரு நாள்தானாம், இதோடு மேடையை விடுகிறாராம். செய்தியைக் கேட்ட அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

"இதையும் விட்டுட்டா நான் சாகுற வரைக்கும் யோசிச்சுக்கிட்டேதான்டி இருக்கணும்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வருஷத்துக்கு ஒரு இலவசச் சீட்டு உண்டு. ஆட்டம் தொடங்கியதும் வாசலை மூடிவிடுவார்கள், அப்புறம் எனக்கு வேலையும் இல்லை. அவள் இடத்தில் நான் நிற்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தூணில் ஒருவன் ஏறினாலும் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

அக்கா நல்ல புடவை கட்டி, இரண்டாம் படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், ஷூவைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்த பிறகும் இடது கால் ஷூவுக்கு வெளியேதான் இருந்தது. நான் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு மேடைக்கு முதுகு காட்டி நின்றேன். பின்னால் பலகையில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் அத்தனை முகங்களும் எனக்குத் தெரியாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. இந்த வேலையில் இத்தனை வருஷம் எப்படித்தான் நின்றாளோ என்று இருந்தது.

முடியப்போகும் நேரம். காலடிச் சத்தம் நின்றது. படிகளில் சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தாள். பிறகு கண்ணை மேடையிலிருந்து எடுக்காமலேயே, காலால் துழாவி ஷூவைக் கண்டுபிடித்து, இடது காலை அவசரமாக உள்ளே நுழைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலை போனால் மயிரே போச்சு என்று திரும்பிவிட்டேன்.

மேடையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கிழவர்தான், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். இடது கால் ஷூவுக்கு வெளியே வந்து வலது பாதத்தின் மேல் இருந்தது. ஒரு கை பின்னால் வந்து கோட்டை இழுத்துவிட்டது. அப்புறம் தலை மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது. தோள்வரை வந்தது, நின்றது, மறுபடி நேராகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை திரும்பி, அதே இடத்தில் நின்றுவிட்டது.

அந்த முதுகு முழுக்க எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

நல்லவேளை, மேற்பார்வையாளர் என்னைப் பார்க்கவில்லை. தூணோரம் நின்று அவரும் வாயைப் பிளந்தபடி மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா இறங்கி வந்தாள்.

"தலையத் திருப்பப் பாத்து நிறுத்திக்கிறானே, அதுவும் நானாடி?"

அவளைக் கிண்டல் செய்யாமல் நான் பதில் சொன்னதே கிடையாது. "நீதான்க்கா" என்றேன்.

 கூட்டம் இறங்கும் நேரத்தில்தான் ஆட்கள் கல்மேல் ஏறுவார்கள் என்று அவள் என்னிடமிருந்து கோட்டைக் கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டு, தன் இடத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் இடது கால் தானாக வெளியே வந்தது. இறங்கி வந்த ஒரு அம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அக்காவும் அந்தக் கையை விடவில்லை.