காரில் நோர்வேக்கு ஒரு கசற்

இன்று ஸ்காபரோ மரக்கறிக் கடையில் பக்கத்துக் கட்டட அன்ரி மறித்தார்.

"தம்பி, காரிலை ஐரோப்பா சுத்தப் போறியளாம்?"

"ஓம் அன்ரி. பாரிசிலை கார் வாடகைக்கு எடுத்து ரோம் வரைக்கும். நானும் மனிசியும்தான்."

உடனே கையில் ஒரு வீடியோ கசற்றைத் திணித்தார். மகளின் கலியாணம். நோர்வேயில் இருக்கும் தன் தங்கைக்காம்.

"நாங்கள் நோர்வே போகேல்லை அன்ரி."

"கார்தானே தம்பி, ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாங்கோவன்."

ஏற்கெனவே மற்றவர்கள் தந்த கசற்றுகள் ஜெர்மனிக்கு மூன்று, சுவிசுக்கு இரண்டு. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நாள் தங்காவிட்டால் கோபமாம். இருப்பதே மூன்று வார லீவு. இனி ரோம் எங்கே பார்ப்பது?

ஐரோப்பாவில் எங்கள் சனமே இல்லாத நாடு ஏதும் தெரிந்தால் எழுதுங்கள். ஆனால் தனிமடலில். அன்ரியின் மகனும் இந்த மின்னஞ்சல் குழுவில்தான் இருக்கிறான்.