பாதியாகப் பிரித்த மழை

எண்பதுகளில் ஆவடிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் மழை அளப்பது என் வேலை. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுத வேண்டும். அந்த அளவுகள் டெல்லிக்குப் போகும். நாட்டின் தட்பவெப்பம் எப்படி மாறுகிறது என்று அங்கே வருடாவருடம் தடித்த அறிக்கை ஒன்று போடுவார்கள். எங்களுக்கும் ஒரு பிரதி வரும். ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுப்போம்.

ஞாயிறு எட்டரைக்கு நான் சேக்காடு சர்ச்சில் ஆராதனையில் இருப்பேன். திங்களன்று இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து அளந்து, சரிபாதியாகப் பிரித்து இரண்டு கட்டங்களிலும் எழுதிவிடுவேன். மொத்தம் தப்பாது. பெரிய நியாயவான் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அயனம்பாக்கம் ஏரியோரத் தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டு மனு வந்தது. எங்கள் அதிகாரி முதன்முறையாக அறிக்கையைக் கையில் எடுத்தார்.

"யோவ், இவ்ளோ பக்கம் எவன்யா படிப்பான்? ஒரே நாள்ல அதிகபட்சம் எவ்ளோ பெஞ்சுது? அத மட்டும் சொல்லு."

எண்ணைக் காட்டினேன். தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதை வைத்தே முடிவு செய்து, கையெழுத்துப் போட்டார்.

டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அது ஒரு திங்கட்கிழமை எண். ஞாயிறு காலைக் கட்டத்தில் எழுத வேண்டியது சனிக்கிழமை மழை; அந்தச் சனிக்கிழமையோ முழுக்க வெயில். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகுதான் கொட்டித் தீர்த்தது. தொப்பலாக நனைந்தவனே நான்தான். ஒரு நாள் மழையில் பாதியை வெயில் அடித்த நாளுக்குத் தானம் செய்திருக்கிறேன்.

"இன்னா அண்ணாத்தே, பேயறஞ்ச மாரி கீற?" என்றார் எங்கள் பியூன். சொன்னேன்.

"மழையவே ரெண்டா வெட்னியா? நீ கறிக்கட வெச்சிருக்கணும் நைனா!"

மூன்று நாள் பயந்தேன். ஜெயிலில் கொசுவலை தருவார்களா என்றுகூட யோசித்தேன். நாலாம் நாள் அதிகாரியிடம் போய் உளறிக் கொட்டினேன்.

"திருத்தம்னா அடுத்த அறிக்கைலதான்யா வரணும். அது வராது," என்று டெல்லியிலிருந்து வந்த ஒரு கடிதத்தைத் தள்ளினார். தட்பவெப்ப அறிக்கைப் பணி முடித்துக்கொள்ளப்பட்டது, இனி அளவுகள் அனுப்ப வேண்டாம் என்றிருந்தது. "அச்சுல இருக்கற நம்பர உட்டுட்டு, உன் பேச்ச வெச்சு நான் எப்பிடிய்யா உத்தரவ மாத்துவேன்?"

எழுத்தில் கொடுக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று, வெட்கக்கேடு, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, நான் பாதியாகப் பிரித்ததைப் போலவே ஒரு மழை வந்தது. சேதம் பார்க்க என்னை அந்த ஏரியோர வீடுகளுக்கே அனுப்பினார்கள். இடுப்பளவு தண்ணீரில், வாசல் நிலையைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். உள்ளே கட்டில் மிதந்தது.

"ஆபீஸ்லேர்ந்து வர்றியா சார்? இம்மா மழ வரும்னு உங்க யாருக்குமே தெரியாதா?"

தெரியும் என்று வாய் வரை வந்தது. "மேலிடத்துக்கு எழுதுறோம்மா," என்றேன். எழுதினால் வாங்கிக்கொள்ள மேலே யாரும் இல்லை.

அவள் நம்பிவிட்டாள். "பாத்துப் போ சார்," என்றாள். "அந்தாண்ட பள்ளம் கீது."